சிறிய ரண்ணில் குட்டைக்காது ஆந்தைகள்: ஒரு படப் பயணம்

போய்ச் சேர்ந்த நாள்

பறக்கும் ஆந்தையைச் சூரிய வெளிச்சத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால், முதலில் சூரிய வெளிச்சத்தில் பறக்கிற ஆந்தை வேண்டும். நம் நாட்டு ஆந்தைகளில் பெரும்பாலானவை இருட்டிய பிறகே கிளையை விட்டு எழும். குட்டைக்காது ஆந்தை அப்படியில்லை. சூரியன் சாய்ந்து, இன்னும் மறையாத நேரத்திலேயே வேட்டைக்குக் கிளம்பிவிடும். மப்பும் மந்தாரமுமான நாளில் பகலிலேயே பறப்பதும் உண்டு. மரத்தில் தங்காது, புல்லுக்குள் தரையில் படுத்திருக்கும். கோடையில் வட ஆசியாவில் குஞ்சு பொரித்து, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கும் பறவை. அப்படி இறங்கி வந்து தங்கும் இடங்களில் ஒன்று குஜராத்தில் உள்ள கட்ச் சிறிய ரண். இந்த ஜனவரியில் இங்கே வந்திருப்பது அதற்காகத்தான்.

மழைக்காலத்தில் ரண் முழுக்கத் தண்ணீர் நிற்கும். வடிந்து காய்ந்த பிறகு வெடித்த களிமண்ணும் உப்புப் பூத்த வெண்மையுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை தட்டையாகக் கிடக்கும். அதற்கு நடுவே சற்று மேடான திட்டுகள் இருக்கின்றன. பேட் என்று சொல்கிறார்கள். வெள்ளம் ஏறாத இடம் என்பதால் அங்கே மட்டும் புல்லும் புதரும் சீமைக்கருவேலமும் உண்டு. புல் இருந்தால் எலி இருக்கும், எலி இருந்தால் ஆந்தை வரும். இந்தியக் காட்டுக்கழுதைக்காக ஒதுக்கப்பட்ட சரணாலயம் இது. ஏறத்தாழ 4,954 சதுர கிலோமீட்டர். அவ்வளவு பெரிய பரப்பில் ஆந்தைக்கு வேண்டியது இந்தப் புல்திட்டுகள்தான் என்பதால் தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இன்று மாலை கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. வேண்டுமென்றேதான். புது இடத்தில் முதல் மாலை பைனாகுலருக்கு உரியது என்பது என் வழக்கம். கேமராவை எடுத்துவிட்டால் கண் ஃபிரேமுக்குள் அடைபட்டுவிடும். பறவை எந்தப் புல்லிலிருந்து எழுகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, எங்கே போய் உட்காருகிறது என்று எதுவும் மனதில் நிற்காது.

ஐந்தேமுக்கால் வாக்கில் முதல் ஆந்தை எழுந்தது. சிறகை உடம்புக்கு மேலே நன்றாக உயர்த்துகிறது, அப்புறம் ஆழமாக ஒரு வீச்சு, பிறகு ஒரு நீண்ட சறுக்கல். உடம்பின் நீளம் 40 சென்டிமீட்டரை ஒட்டித்தான். சிறகு விரிப்போ ஏறத்தாழ ஒரு மீட்டர். எடை அரைக் கிலோவுக்கும் கீழே. இவ்வளவு லேசான உடம்புக்கு இவ்வளவு பெரிய சிறகு இருப்பதால் அவசரமே இல்லாமல் பறக்க முடிகிறது. தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் ஒரு பெரிய அந்துப்பூச்சி போல மிதந்து, புல்வெளியின் ஓரம் வரை போய்த் திரும்பி, கிட்டத்தட்ட போன வழியே வந்தது. இன்னொரு முறையும் அதே பாதை. பாதை இருக்கிறது என்று தெரிந்ததே எனக்குப் பெரிய செய்தி. அதற்குப் பக்கத்தில் காத்திருக்கலாம்.

இன்னொன்றையும் குறித்துக்கொண்டேன். சூரியன் ஆறேகாலை ஒட்டி மறைந்த பிறகு புல்லின் நிறம் பொன்னிலிருந்து சாம்பல் கலந்த பழுப்புக்கு மாறியது. வானத்தின் கீழ்ப்பகுதி மங்கிய ரோஜா, அதற்கு மேல் நீலம். ஆந்தை அந்தப் பழுப்புக்குள் கரைந்து, திரும்பும்போது மட்டும் சிறகின் வெளிர் அடிப்பக்கம் பளிச்சிட்டது. படத்தைக் கணினியில் திறக்கும் நாளில் இந்த நிறம் ஞாபகத்தில் இருக்க வேண்டும் என்பதால் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

மறுநாள்

பறவைப் படத்துக்கு வெளிச்சம் முக்கியம் என்று எல்லோரும் சொல்வார்கள். பறக்கும் பறவைக்குக் காற்றும் அதே அளவு முக்கியம். பறவைகள் எதிர்காற்றில்தான் எழும், எதிர்காற்றில்தான் இறங்கும். வேட்டையாடும் ஆந்தைக்கு இது இன்னும் பொருந்தும். காற்றை எதிர்த்துப் பறந்தால் தரைக்கு மேல் மெதுவாக நகரலாம், கீழே என்ன அசைகிறது என்று கேட்க நேரம் கிடைக்கும். அதனால் காற்று என் முதுகில் படும்படி நின்றால் ஆந்தையின் முகம் என்னை நோக்கி வரும். காற்று முகத்தில் பட்டால் எனக்குக் கிடைப்பது வால்.

குளிர்காலத்தில் இங்கே காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்தோ வடகிழக்கிலிருந்தோ வருகிறது. காலைச் சூரியன் கிழக்கில், கொஞ்சம் தெற்கே தள்ளி எழுகிறது. ஆகவே காலையில் காற்றும் வெளிச்சமும் கிட்டத்தட்ட ஒரே பக்கம். இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு நிற்கலாம். மாலையில் கதை வேறு. சூரியன் தென்மேற்கில் இறங்க, காற்று வடகிழக்கிலிருந்தே வரும். ஆந்தையின் முகம் வேண்டுமானால் சூரியனைப் பார்த்து நின்று எதிரொளியில் எடுக்க வேண்டும். ஆந்தைகள் மாலையில்தான் அதிகம் பறக்கின்றன. ஆனால் நேர்வெளிச்சத்தில் முகம் கிடைப்பது காலையில். இந்த முரண்பாடு இங்கே எல்லா நாளும் கூடவே வரும் என்று நினைக்கிறேன்.

இன்று காலை ஏழரை மணிக்கு வண்டியைப் புல்லின் வடகிழக்கு ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைத்தோம். மணல்பையைக் கதவின் மேல் போட்டு, அதன் மேல் லென்ஸ். 600 மில்லிமீட்டர், லென்ஸின் திறப்பு எஃப் 6.3, ஷட்டர் ஒரு நொடியில் 1/2500 பங்கு. ஒளிக்கு எவ்வளவு உணர்வு என்று சொல்லும் ஐஎஸ்ஓ 1600-க்கும் 2500-க்கும் நடுவே. மூன்றையும் கையாலேயே வைத்தேன். இந்த நிலத்தில் தானியங்கி அளவீட்டை நம்ப எனக்கு மனம் இல்லை. ஆந்தை ஒரே வீச்சில் பழுப்புப் புல், வெள்ளை உப்பு, வெளிர் வானம் என்று மூன்று பின்னணியைக் கடக்கிறது. ஆந்தையின் மேல் விழும் வெளிச்சம் மாறவில்லை, பின்னணிதான் மாறுகிறது. தானியங்கியில் விட்டால் உப்பைக் கண்டதும் கேமரா படத்தை இருட்டாக்கிவிடும். கையால் வைத்துவிட்டுச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தின் இருட்டும் வெளிச்சமும் எப்படிப் பரவியிருக்கின்றன என்று காட்டும் வரைபடத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை மட்டும் நகர்த்தினால் போதும்.

உப்பு வெளியில் ஒரு நன்மையும் உண்டு. தரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சம் சிறகின் அடிப்பக்கத்தை நிரப்புகிறது. மணிக்கட்டுப் பக்கம் இருக்கும் கரும்புள்ளி, கறுப்புச் சிறகு நுனி, இரண்டுக்கும் நடுவே கிரீம் நிறம். காட்டில் இதெல்லாம் நிழலுக்குள் போய்விடும்.

ஃபோகஸ் பற்றி ஒரு வார்த்தை. கேமரா தானே கண்ணைக் கண்டுபிடிக்கும் வசதி ஆந்தையிடம் ஒரு விதத்தில் சுலபமாக வேலை செய்கிறது. தட்டையான முகம், முன்னோக்கிய இரண்டு மஞ்சள் கண்கள். ஆனால் பக்கவாட்டில் பறக்கும்போது கண்ணைச் சுற்றிய கருவளையம் மட்டும் தெரிய, கேமரா தடுமாறி முன்னால் ஆடும் புல்லைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் முழு ஃபிரேமையும் திறந்துவிடாமல் நடுவில் ஒரு சிறிய கட்டத்துக்குள் மட்டும் தேடச் சொல்லி வைத்தேன். லென்ஸில் உள்ள தூர வரம்பு ஸ்விட்சையும் தொலைவுக்குத் தள்ளியாயிற்று. ஷட்டர் இயந்திர ஷட்டர்தான். சென்சாரை மெதுவாக வாசிக்கும் கேமராவில் மின்னணு ஷட்டர் போட்டால் வீசுகிற சிறகு வளைந்து பதியும்.

எவ்வளவு பக்கத்தில் எடுக்கலாம் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 600 மில்லிமீட்டர் லென்ஸில், முழு ஃபிரேம் சென்சாரில், எஃப் 6.3 வைத்து 20 மீட்டரில் உள்ள பறவையைப் பிடித்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர். ஆந்தை பக்கவாட்டில் போனால் ஒரு சிறகு நம் பக்கம், ஒரு சிறகு அந்தப் பக்கம். ஒரு மீட்டர் விரிப்பு அந்த ஆழத்துக்குள் அடங்காது. 30 மீட்டருக்கு விலகினால் ஆழம் 90 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. நான் 30 மீட்டரையே விரும்புகிறேன். பறவைக்கும் அதுதான் நிம்மதி.

ஆந்தை வருவது காதுக்குத் தெரியாது. முன்விளிம்பில் சீப்புப் பற்கள் போன்ற வரிசை, பின்விளிம்பில் மெல்லிய குஞ்சம், மேற்பரப்பில் வெல்வெட் போன்ற மென்மை: இந்த மூன்றும் சேர்ந்துதான் சத்தத்தை அடக்குகின்றன என்று கிரஹாம் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி 1934-லேயே எழுதியிருக்கிறார். இன்று எடுத்த ஒரு படத்தைக் கேமராத் திரையில் பெரிதாக்கியபோது முதல் இறகின் விளிம்பில் அந்தப் பல்வரிசை மங்கலாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த நாள்

பத்து மணிக்கு மேல் தரை சூடாகி, வெட்டவெளி முழுவதும் காற்று நெளிய ஆரம்பித்துவிடுகிறது. தூரத்தில் நிற்கும் காட்டுக்கழுதைகளின் கால்கள் தண்ணீரில் நிற்பது போலத் தெரியும். இந்த நேரத்தில் எவ்வளவு நல்ல லென்ஸானாலும் தொலைவில் உள்ள எதுவும் கூர்மையாக வராது. இதைக் கணினியில் சரிசெய்ய வழியில்லை. நெளியும் காற்று வரிகளை இடம் மாற்றிவிடுகிறது. ஷார்ப்பன் செய்தால் மாறிய வரிகள்தான் அழுத்தமாகும். பத்திலிருந்து நான்கு வரை படத்துக்கு ஓய்வு.

அந்த நேரத்தில்தான் வழிகாட்டி படுத்திருக்கும் ஆந்தையைக் காட்டினார். புல்லின் நிறமே அதன் நிறம். அவர் விரல் காட்டிய பிறகும் எனக்குத் தெரியவில்லை; மஞ்சள் கண் ஒன்று பாதி திறந்தபோதுதான் உருவம் பிடிபட்டது. வண்டி நேராகப் போகாது. ஓரமாக, எங்கோ வேறிடம் போகிற மாதிரி சாய்ந்து போய் நிற்கும். ஆந்தை கண்ணை மீண்டும் மூடினால் அந்த இடம் சரி. உடம்பை ஒல்லியாக நீட்டி, காதுக் குஞ்சத்தைத் தூக்கி, கண்ணை முழுதாகத் திறந்தால் நெருங்கிவிட்டோம் என்று பொருள்; அப்படியே பின்னால் போக வேண்டும். “நாம போக வேணாம் சார், நேரமானா அதுவே வரும்” என்றார். பல ஆண்டுகளாக இந்தப் புல்லைப் பார்த்து வருபவர். அவர் சொல்வதை நான் அப்படியே கேட்கிறேன்.

சற்று நேரத்தில் வேறொரு வண்டி வந்தது. நேராகப் புல்லுக்குள் ஏறி, ஆந்தை எழும் வரை ஓட்டினார்கள். எழுந்ததும் கேமராக்கள் படபடத்தன. அந்த ஆந்தை கொஞ்ச தூரம் போவதற்குள் இரண்டு பூனைப்பருந்துகள் அதன் மேல் பாய்ந்தன. அது மேலே மேலே ஏறி, எதிர்ப்பக்கத் திட்டை நோக்கிப் போய் மறைந்தது. எனக்கு நெஞ்சு பதறியது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்த பறவை பகலில் ஓய்வெடுக்கிறது, இரவுக்கு உடம்பைத் தயார் செய்கிறது. அந்த ஓய்வைக் கெடுத்தால் வெப்ப நேரத்தில் பறக்க வேண்டும், பருந்துகளிடம் அடிவாங்க வேண்டும், தங்கும் இடத்தையும் மாற்ற வேண்டும்.

விரட்டி எடுத்த படம் பார்த்தவுடனே தெரிந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். வால் நம் பக்கம், தலை பின்னால் திரும்பியிருக்கும், கண்ணில் பீதி. தானாக வேட்டைக்கு வந்த ஆந்தையின் தலை தரையை நோக்கியிருக்கும். அதன் கவனம் முழுவதும் புல்லில். நம்மைப் பார்க்கவே பார்க்காது. படம் என்ற அளவில் பார்த்தாலும் இரண்டாவதுதான் பல மடங்கு நல்ல படம். எலியைக் கட்டி இழுப்பது, குரலை ஒலிபரப்பி வரவழைப்பது எல்லாமே விரட்டுவதன் கணக்கில்தான் வரும்.

மாலையில் எதிரொளியில் கொஞ்சம் முயன்றேன். சூரியன் ஆந்தைக்குப் பின்னால் இருக்கும்போது சிறகின் நுனி இறகுகள் ஒளியை உள்ளே விடுகின்றன. பட்டைகள் உள்ளிருந்து எரிவது போலத் தெரிகின்றன. முகம் இருட்டு. முகத்துக்காக எக்ஸ்போஷரை ஏற்றினால் சிறகின் ஒளிர்வு வெளுத்துவிடும். சிறகுக்கு வைத்துவிட்டேன்.

அந்தி

இன்றைய மாலையைப் பற்றி நிறைய எழுத வேண்டும்.

நாலரைக்கே போய் நின்றோம். மேலே மெல்லிய மேகம். அதனால் ஆந்தைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்தன. ஒரே புல்வெளியில் சேற்றுப் பூனைப்பருந்தும் ஆந்தையும் ஒன்றையொன்று தாண்டித் தாண்டி வேட்டையாடுவதைப் பார்க்க முடிந்தது. இரண்டும் தாழப் பறப்பவை, இரண்டும் புல்லைச் சீவிக்கொண்டு போகிறவை. தூரத்தில் எது எது என்று குழப்பும். ஆந்தைக்குக் கழுத்தே இல்லாத மாதிரி முன்பக்கம் மொட்டையாக இருக்கும். பருந்துக்கு வால் நீளம்.

ஆந்தையின் வேட்டையில் படத்துக்கு ஏற்ற கணம் ஒன்று உண்டு. போய்க்கொண்டே இருந்தது சட்டென்று நிற்கும். எதிர்காற்றில் சிறகை அடித்து அந்தரத்தில் தொங்கும். முகத்தட்டு நேராகக் கீழே. அந்த வட்ட முகம் ஒலியைத் திரட்டிக் காதுக்கு அனுப்புகிறது. இரண்டு காதுக்கும் ஒலி சேர்வதில் உள்ள நுண்ணிய வித்தியாசத்தை வைத்து அசைவு எங்கே என்று கணிக்கிறது. கணித்துவிட்டால் சிறகு இரண்டும் மேலே நிமிர்ந்து, கால் கீழே நீண்டு, விழும். தொங்குவதற்கும் விழுவதற்கும் நடுவில் ஒரு நொடிகூடச் சில சமயம் இருப்பதில்லை. தலை கீழே திரும்பியதுமே ஷட்டரை அழுத்திவிட வேண்டும். அழுத்துவதற்கு முந்தைய கணங்களையும் சேமித்து வைக்கும் வசதி இப்போதைய சில கேமராக்களில் இருக்கிறது. இந்த ஒரு காட்சிக்கு அது உண்மையாகவே உதவுகிறது.

ஓர் ஆந்தை எலியோடு எழுந்தது. பத்து மீட்டர் போவதற்குள் பருந்து மேலிருந்து இறங்கியது. இரண்டும் காலோடு கால் மோத, ஆந்தை எலியை விட்டுவிட்டது. பருந்து அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டது. குளிர்காலப் புல்வெளியில் இந்தப் பறிப்பு சாதாரணம் என்றார் வழிகாட்டி. எலியை இழந்த ஆந்தை உடனே மீண்டும் தன் பாதைக்குத் திரும்பி வேட்டையைத் தொடர்ந்தது.

சூரியன் மறைந்த பிறகு வெளிச்சம் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகிறது. பாதியாகும் ஒவ்வொரு முறையும் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும்: ஒன்று ஷட்டர் வேகம், இல்லையென்றால் ஐஎஸ்ஓ. முதலில் 1/2000-லிருந்து 1/1000-க்கு இறங்கினேன். ஆந்தை நொடிக்கு 8 மீட்டர் போகிறது என்று வைத்துக்கொண்டால் 1/1000 நொடியில் 8 மில்லிமீட்டர் நகரும். லென்ஸை அதன் வேகத்துக்கே திருப்பிக்கொண்டிருந்தால் அந்த நகர்வு பெருமளவு ஈடாகிவிடும். மிஞ்சுவது சிறகு நுனியின் வேகம்தான். அது கொஞ்சம் கலங்கினால் கெட்டுப்போகாது. அப்புறம் 1/640, ஐஎஸ்ஓ 10,000. அதற்கு மேல் ஐஎஸ்ஓவை ஏற்ற விருப்பமில்லை, ஷட்டரை இன்னும் இறக்கினால் முகமும் கலங்கும். அங்கே நிறுத்திவிட்டேன்.

ஃபிளாஷ் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. இந்தக் கலையே ஃபிளாஷில்தான் வளர்ந்தது என்பது உண்மை. பிரிட்டனின் எரிக் ஹாஸ்கிங் இரவில் பறக்கும் ஆந்தைகளை மின்னணு ஃபிளாஷ் கொண்டு உறையவைத்த முன்னோடிகளில் ஒருவர். 1937-ல் கூட்டருகே ஓர் ஆந்தை தாக்கி ஒரு கண்ணை இழந்தார். அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் பறவைகளையே படம் எடுத்தார். அவர் காலத்துக் கருவியில் வேறு வழி இருக்கவில்லை. இன்றைய சென்சார் இவ்வளவு குறைந்த வெளிச்சத்தில் வேலை செய்யும்போது, இருட்டுக்குப் பழகிய கண்ணில் பளீரென்று ஒளி பாய்ச்ச எனக்குக் காரணம் தெரியவில்லை. வேட்டையில் இருக்கும் பறவைக்கு அந்தச் சில நொடிக் கூச்சம்கூட இழப்புதான்.

அறைக்குள் ஒரு நாள்

காலையிலிருந்து மூடுபனி. இன்று கணினியோடு.

முதல் வேலை கழிப்பது. கண் கூர்மையாக இல்லாததெல்லாம் முதல் சுற்றில் போய்விடும். இரண்டாவது சுற்றில் சிறகு. சிறகு கிடைமட்டமாக இருக்கும்போது பக்கத்திலிருந்து பார்த்தால் ஆந்தை ஒரு கோடாகிவிடுகிறது, அவை வேண்டாம். மேலே நிமிர்ந்த சிறகு, முழுதாகக் கீழே இறங்கிய சிறகு, திரும்பும்போது விரியும் சிறகு: இவைதான் வடிவம் கொடுப்பவை. மூன்றாவது சுற்றில் தலை. வானத்தை வெறித்துப் பார்க்கும் ஆந்தையைவிடத் தரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஆந்தை எனக்கு எப்போதும் மேல்.

அடுத்தது நிறம். கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், அதாவது நிறச் சமன், அந்தியின் சூட்டைக் கறையாக நினைத்துத் துடைத்துவிடும். சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு என்பதால் பின்னால் மாற்றலாம். காலைப் படங்கள் எல்லாவற்றையும் 5500 கெல்வினில் பூட்டிவிட்டேன். சூரியன் மறைந்த பிறகு எடுத்தவற்றில் சலனம் அதிகம். ஸ்லைடரை 7500-க்குத் தள்ளினால் படம் பொன்னாக மாறிவிடுகிறது, பார்க்கவும் கவர்ச்சியாக இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் அங்கே பொன் இல்லை. நோட்டில் எழுதியிருந்தது சாம்பல் கலந்த பழுப்பு. 5800-ல் அது வருகிறது.

பிரகாசமும் அப்படித்தான். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, ஏற்றினால் இறகுகள் எல்லாம் தெளிவாகத் தெரியும். படம் காலை ஒன்பது மணி ஆகிவிடும். ஹிஸ்டோகிராம் நடுவில் வந்து நின்றால்தான் சரியான படம் என்ற எண்ணம் அந்திப் படத்துக்குப் பொருந்தாது. இடது பக்கம் குவிந்திருப்பதுதான் அதன் இயல்பு. முகத்தட்டை மட்டும் பிரித்தெடுக்கும் ஒரு மாஸ்க் போட்டுக் கால் ஸ்டாப் உயர்த்தினேன். மற்றதை இருட்டிலேயே விட்டேன். நான் மெனக்கெட்டு அந்தியில் எடுத்ததே அந்த இருட்டுக்காகத்தான்.

இப்போது நாய்ஸ், அதாவது படத்தில் தெரியும் குருணை. ஒளித்துகள்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கில்லாமல் விழுவதால் வருவது இது. ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், ஒளிக்கும் நாய்ஸுக்கும் உள்ள விகிதம் பாதியாகும். ஆகவே ஐஎஸ்ஓ எண் வெறும் அடையாளம். உண்மையான காரணம் வெளிச்சம் இல்லாமை. லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் 2023-ல் வந்த, குருணையை நீக்கும் செயற்கை நுண்ணறிவு டீநாய்ஸ் போன்றவை ஐஎஸ்ஓ 10,000 படத்தையும் வியக்கும்படி சுத்தமாக்குகின்றன. ரா கோப்பின் மேல் இதை முதல் வேலையாகச் செய்ய வேண்டும். நாய்ஸ் இருக்கும்போது ஷார்ப்பன் செய்தால் குருணைதான் கூர்மையாகும்.

ஆனால் இந்த மென்பொருள் இல்லாத இறகை ஊகித்து வரைகிறது என்பதை மறக்கக் கூடாது. குட்டைக்காது ஆந்தையின் மார்பில் கீற்றுகள் அடர்த்தி. வயிற்றுக்கு வர வர மெலிந்து, வெளிர் நிறமாகிவிடும். அளவை அதிகமாக வைத்த ஒரு படத்தில் வயிற்றிலும் கீற்றுகள் முளைத்திருந்தன. மூலப் படத்தை நூறு சதவீதத்தில் பக்கத்தில் திறந்து பார்த்தால் அங்கே குருணை மட்டுமே இருக்கிறது. அளவைப் பாதிக்கும் கீழே இறக்கினேன், கீற்று போய்விட்டது. கொஞ்சம் குருணை மிஞ்சியது. மிஞ்சட்டும். பறவையில் இல்லாத குறியை வைத்துக்கொண்டு, இது இந்த இனம் என்று யாருக்கும் காட்ட முடியாது.

கண்ணுக்கு வருகிறேன். சூடான வெளிச்சத்தில் மஞ்சள் கண் சுலபமாக உச்சத்தைத் தொட்டுவிடும். சிவப்புச் சானலைத் தனியாகப் பார்த்தால் வெட்டுப்பட்டிருப்பது தெரியும். செறிவை ஏற்றுவதற்குப் பதில் சற்று இறக்கினால்தான் கண்மணியைச் சுற்றிய வட்டம் திரும்பக் கிடைக்கிறது. கண்ணைச் சுற்றிய கருமையைத் தூக்கக் கூடாது. தூக்கினால் அங்கே ஊதா நிறப் புள்ளிகள் எழும், ஆந்தையின் முகமும் மாறிவிடும். அந்தக் கருமைதான் இந்த இனத்துக்கு அந்தத் தீர்க்கமான பார்வையைக் கொடுக்கிறது.

மங்கலை விலக்கும் டீஹேஸ் ஸ்லைடரைத் தொடவில்லை. ரண்ணின் மாலைக் காற்றில் தூசி இருக்கிறது, அது படத்திலும் இருக்க வேண்டும். தவிர, சிறகு நுனிக்கு வெளியே வெள்ளைக் கரை கட்டுவதும் அந்த ஸ்லைடரால்தான். ஷார்ப்பன் பறவை மாஸ்க்குக்குள் மட்டும். கிராப் செய்யும்போது ஆந்தை போகிற பக்கம் இடம் விட்டேன்; அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது கால் பங்கு பிக்சல் என்பதால் கையை அடக்கிக்கொண்டேன். ஒரு நல்ல படத்தில் ஒற்றைப் புல் சிறகைக் குறுக்கே வெட்டுகிறது. அழிப்பது சில நொடி வேலை. ஆனால் ஆந்தை புல்லுக்குள்ளேதான் இருந்தது. இன்னொன்றில் ஃபிரேமுக்குச் சற்று வெளியே நிலா இருந்தது என்று எனக்குத் தெரியும். அதை உள்ளே இழுத்து வைக்கப் போவதில்லை.

வெளியே அனுப்பும் கோப்பு எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில், நீளப் பக்கம் 2048 பிக்சல், அளவைச் சுருக்கிய பிறகு லேசான ஷார்ப்பன். கூடவே படத்துக்குள் பதிந்திருக்கும் ஜிபிஎஸ் விவரத்தை நீக்கிவிட வேண்டும். ஆந்தை தினமும் ஒரே புல்லில் தங்கும் பறவை. இடத்தை எண்களாகக் கொடுத்துவிட்டால் அன்று பார்த்த மாதிரி வண்டிகள் நேராகப் புல்லுக்குள் ஏறும். ஆந்தைகளைப் பிடிப்பதும் விற்பதும் 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனாலும் கள்ளச் சந்தை இருக்கிறது. அதற்கு என் படம் வழிகாட்டக் கூடாது.

கிளம்பும் நாள்

மூடுபனி விலகி நல்ல காலை. கூர்மையான படங்கள் போதுமான அளவு கையில் இருப்பதால் இன்று நேரெதிராக முயன்றேன்: ஷட்டர் 1/60, எஃப் 11, ஐஎஸ்ஓ 100. லென்ஸை ஆந்தையோடு சேர்த்தே திருப்பிக்கொண்டு எடுப்பது. தலை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நகர்கிறது, உடம்பும் சிறகும்தான் ஏறி இறங்குகின்றன. அதனால் கை ஒத்துழைத்தால் முகம் நின்று, சிறகு ஒரு வீச்சாகப் பதியும். புல் கோடுகளாக ஓடும். பெரும்பாலானவற்றில் முகமும் கலங்கித்தான் இருந்தது. ஒன்றிரண்டில் இரண்டு கண்ணும் தெரிகின்றன, சிறகு இருக்குமிடத்தில் கிரீம் நிற அலை ஒன்று இருக்கிறது. 1/2500-ல் இறகின் பல்வரிசை வரை கிடைத்தது, பறக்கும் விதம் கிடைக்கவில்லை. இதில் இறகே இல்லை, ஆனால் அந்த மெதுவான ஆழமான வீச்சு இருக்கிறது. இந்தக் கோப்புகளுக்கு டீநாய்ஸும் வேண்டாம், ஷார்ப்பனும் வேண்டாம். மாறுபாட்டைச் சற்று ஏற்றினால் போதும்.

வழிகாட்டிக்குப் படங்களைக் காட்டினேன். கூர்மையானவற்றை வேகமாகத் தள்ளிக்கொண்டே போனவர், பருந்து எலியைப் பறித்த வரிசையில் நின்றுவிட்டார். அந்த வரிசையில் முதல் படம் சற்று கலங்கல். நான் கழிக்க நினைத்திருந்தது. அதில்தான் பருந்து எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறது என்றார். சரி, அது இருக்கட்டும்.

இந்த ஆந்தைகள் மார்ச் வாக்கில் வடக்கே திரும்பத் தொடங்கும். எலி பெருகும் இடத்தைத் தேடி அலையும் பறவை என்பதால் இந்த ஆண்டு இருந்த திட்டில் அடுத்த ஆண்டும் இருக்கும் என்று சொல்ல முடியாது. இங்கே வர நினைப்பவர்கள் பிப்ரவரிக்குள் வாருங்கள். காலையில் வடகிழக்கு ஓரத்தில் நில்லுங்கள், வண்டியைப் புல்லுக்கு வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். பறிப்புக் காட்சியின் படங்களை வரிசை மாறாமல் நாளை ஏற்றுகிறேன், அந்தக் கலங்கிய முதல் படத்தோடு.